வாரண்டி அட்டையை வாசிக்கக் கற்றுக்கொள்வோம் – ஒரு மவுண்டன் பைக் தரும் வியாபாரப் பாடம்

நமது கடைகளில் ஒரு நாளைக்கு அதிகமாகப் புழங்கும் வார்த்தைகளில் ஒன்று 'வாரண்டி'. மின்விசிறி, தண்ணீர் மோட்டார், கைபேசி, சைக்கிள் என்று எதை வாங்க வந்தாலும் வாடிக்கையாளர் முதலில் விலையைக் கேட்பார். அடுத்து, "வாரண்டி எவ்வளவு காலம்?" என்பார். நாமும் "ஒரு வருடம்" என்று சொல்லி, பில்லின் ஓரத்தில் எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்துவிடுகிறோம். எதற்கு ஒரு வருடம்? யார் தரும் ஒரு வருடம்? எந்தத் திகதியிலிருந்து? இவற்றை அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

இந்தப் பழக்கத்தின் விலையை மலையகத்தில் கடை வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி அனுபவித்தார். ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து சிறுவர் சைக்கிள்கள் 40 எடுத்தார். ஒன்றுக்கு 1,500 ரூபா இலாபம் வைத்து எல்லாவற்றையும் விற்றார். ஒவ்வொரு பில்லிலும் 'ஒரு வருட வாரண்டி' என்று தன் கைப்படவே எழுதினார். எட்டு மாதத்துக்குள் 9 சைக்கிள்கள் ஒட்டிய இடத்தில் வெடித்துத் திரும்பி வந்தன. மொத்த வியாபாரியிடம் போனால், "நான் உங்களுக்கு எழுத்தில் எதுவும் தரவில்லையே" என்ற பதில்தான் கிடைத்தது. ஊரில் பெயர் கெடக்கூடாது என்று ஒன்றுக்கு 9,000 ரூபா வீதம் இவரே கொடுத்துத் தீர்த்தார். கணக்கைப் பாருங்கள்: இலாபம் 60,000 ரூபா, திருப்பிக் கொடுத்தது 81,000 ரூபா. 40 சைக்கிள் விற்று 21,000 ரூபா நட்டம். அந்த நட்டத்தைக் கொண்டு வந்தது பில்லின் ஓரத்தில் எழுதிய மூன்று சொற்கள்.

அண்மையில் நான் ஒரு மவுண்டன் பைக் வாங்க வேண்டி வந்தது. டாக்டர் தினமும் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். நடப்பதற்கு முழங்கால் இடம் தரவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் சாதாரண சைக்கிள் தாக்குப்பிடிக்காது. மூன்று இலட்சம் ரூபா அளவில் போடும் பணமாதலால், விலையைப் பார்ப்பதற்கு முன்னர் ஒவ்வொரு கம்பனியின் வாரண்டி நிபந்தனைகளையும் எடுத்து வரிக்கு வரி வாசித்தேன். சைக்கிள் வாங்க நினைக்காதவர்களுக்கும், எந்தச் சாமானை வாங்கி விற்பவர்களுக்கும் உதவும் பாடங்கள் அதில் இருந்தன.

முதலில் சாமானைத் தெரிந்துகொள்வோம்

மவுண்டன் பைக் பெரும்பாலும் இரண்டு வகை. முன்பக்கம் மட்டும் அதிர்வு தாங்கும் ஃபோர்க் உள்ளதை 'ஹார்ட் டெயில்' என்பார்கள். பின்பக்கமும் அதிர்வு தாங்கி உள்ளது 'ஃபுல் சஸ்பென்ஷன்'. இரண்டாவது வகை கரடுமுரடான இறக்கங்களில் சொகுசாக ஓடும். ஆனால் அதன் பிரேம் பல மூட்டுகளால் ஆனது. ஒவ்வொரு மூட்டிலும் பெயாரிங் உண்டு. நமது நாட்டு மழைக்கும் சேற்றுக்கும் அந்தப் பெயாரிங்குகள் விரைவில் தேயும். பின் அதிர்வு தாங்கிக்கும் காலத்துக்குக் காலம் சேர்விஸ் செய்ய வேண்டும். தோட்டப் பாதையில் காலையில் ஒரு மணித்தியாலம் ஓடும் என்னைப் போன்றவருக்கு ஹார்ட் டெயில் போதும்.

அடுத்தது பிரேம் எதனால் செய்யப்பட்டது என்பது. நடுத்தர விலையில் அலுமினியம், உயர்ந்த விலையில் கார்பன். அலுமினியத்தில் ஒரு விடயம் கவனிக்க வேண்டியது. இரும்பில் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த பாரத்தை எத்தனை இலட்சம் தடவை ஏற்றி இறக்கினாலும் களைப்பு வெடிப்பு ஏற்படாது. அலுமினியத்துக்கு அப்படியான பாதுகாப்பான எல்லை கிடையாது. சிறு அதிர்வுகளும் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் நல்ல கம்பனிகள் ஒட்டும் இடங்களைத் தடிப்பாகச் செய்து, ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேச பாதுகாப்புத் தரத்தின்படி பரிசோதித்து வெளியிடுகின்றன. கார்பன் பாரம் குறைந்தது. ஆனால் கல்லில் மோதினால் வெளியே தெரியாத சேதம் உள்ளே இருக்கலாம். விழுந்து மோதியதால் வந்த சேதத்தை வாரண்டி ஏற்காது.

பிரேக்கைப் பொறுத்தவரை ஹைட்ரொலிக் டிஸ்க் பிரேக் ஈரத்திலும் நன்கு பிடிக்கும். சில்லு 27.5 அல்லது 29 அங்குலம். உயரத்துக்கு ஏற்ற பிரேம் அளவு எல்லாவற்றையும் விட முக்கியம். அளவு பிழையான சைக்கிளுக்கு எந்தக் கம்பனியின் வாரண்டியும் மருந்தாகாது.

கம்பனிகள் என்ன தருகின்றன?

உலகில் பெயர் பெற்ற சில கம்பனிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். 1972 இல் தாய்வானில் ஆரம்பிக்கப்பட்ட ஜயன்ட் கம்பனி, முதல் உரிமையாளருக்குப் பிரேமுக்கு ஆயுட்கால வாரண்டி தருகிறது. கடும் இறக்கங்களில் பாவிக்கும் 'டவுன்ஹில்' வகைப் பிரேமுக்கு மாத்திரம் அது மூன்று வருடம். நிறத்துக்கும் ஸ்டிக்கருக்கும் ஒரு வருடம். 1976 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஆரம்பிக்கப்பட்ட ட்ரெக் கம்பனியும் முதல் உரிமையாளருக்குப் பிரேம் வாரண்டியை ஆயுட்காலத்துக்குத் தருகிறது. சான்டா குரூஸ் கம்பனி பிரேமுக்கு ஆயுட்கால வாரண்டி தருவதோடு, தேய்ந்த மூட்டுப் பெயாரிங்குகளையும் முதல் உரிமையாளருக்கு இலவசமாகத் தருகிறது. இணையம் வழியாக நேரடியாக விற்கும் ஜெர்மனியின் கெனியன் கம்பனி பிரேமுக்கு ஆறு வருடம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது.

இதை வாசித்தவுடன் "ஆயுட்காலம்தானே பெரிது, ஆறு வருடம் எதற்கு?" என்று தோன்றும். அங்குதான் நிதானிக்க வேண்டும். இந்த ஆயுட்காலம் பிரேமுக்கு மட்டுமே. சைக்கிளின் விலையில் பெரும் பங்கு ஏனைய பாகங்களில் இருக்கிறது. அவை வேறு கம்பனிகளின் பொருட்கள்; அவற்றுக்கு அவரவர் வாரண்டி. கியர், பிரேக் செய்யும் ஜப்பானின் ஷிமானோ பொதுவாக இரண்டு வருடம் தருகிறது. அதன் மிக உயர்ந்த ரகமான எக்ஸ்.டி.ஆர். பாகங்களுக்கு மூன்று வருடம். ஸ்ரேம் கம்பனியும் அதன் ரொக்ஷொக்ஸ் ஃபோர்க்குகளும் இரண்டு வருடம். ஃபொக்ஸ் ஃபோர்க்குகளுக்குப் பல நாடுகளில் ஒரு வருடம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பவர் இரண்டு வருடம் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டமே சொல்வதால் அங்கு நிலைமை வேறு.

ஆக, 'ஆயுட்கால வாரண்டி' என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் ஒரே சைக்கிளில் உண்மையில் மூன்று, நான்கு வாரண்டிகள் இருக்கின்றன. டயர், டியூப், செயின், பிரேக் கட்டை போன்ற தேயும் சாமான்களின் தேய்மானத்துக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை.

வாரண்டி அட்டையிடம் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. யாருக்கு? அநேகமான ஆயுட்கால வாரண்டிகள் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே. 'செக்கன்ட் ஹேண்ட்' வாங்குபவர் அந்த ஆயுட்காலத்துக்குப் பணம் கொடுக்கக்கூடாது.

2. எங்கே வாங்கினால்? டுபாயில் இருக்கும் எனது மருமகன், "மாமா, இங்கே மலிவு, நான் அனுப்பி வைக்கிறேன்" என்றார். அன்பான பேச்சு. ஆனால் நான் வாசித்த நிபந்தனைகளில், அதிகாரம் பெற்ற முகவரிடம் வாங்கி அவரே பூட்டித் தந்த சைக்கிளுக்குத்தான் வாரண்டி என்று இருந்தது. பெட்டியில் வந்ததை வீட்டில் பூட்டினால் அங்கேயே பிரச்சினை தொடங்குகிறது. முகவர் நம் நாட்டில் இல்லாவிட்டால் வெடித்த பிரேமைத் திரும்ப டுபாய்க்கு அனுப்ப வேண்டும். முறைப்படி அல்லாமல் வேறு வழியில் இறக்குமதியாகும் சாமானுக்கும் இதே கதைதான். அதில் கம்பனியின் பெயர் இருக்கும், கம்பனியின் பொறுப்பு இருக்காது.

3. எந்தக் குறைக்கு? பொருளிலும் வேலைப்பாட்டிலும் உள்ள குறைக்கே வாரண்டி. தேய்மானம், விபத்து, பராமரிப்பின்மை, பிழையாகப் பூட்டியது, பொருந்தாத பாகம் மாட்டியது இவற்றுக்கு இல்லை.

4. எப்படியான பாவனைக்கு? பல சைக்கிள்களின் பிரேமில் 1 முதல் 5 வரை ஓர் இலக்கம் ஒட்டியிருப்பார்கள். இது ஏ.எஸ்.டி.எம். எஃப் 2043 என்ற தரப்படுத்தலின்படி அமைந்தது. 1 என்றால் தார் வீதிக்கு மட்டும். 2 என்றால் கிரவல் பாதை, 15 சென்டிமீற்றர் வரையான சிறு குதிப்பு. 3 என்றால் கரடான பாதை, 61 சென்டிமீற்றர் வரை. 4 என்றால் 122 சென்டிமீற்றர் வரை. 5 அதற்கும் மேலான கடும் பாவனைக்கு. தோற்றத்தில் மவுண்டன் பைக் போலவே இருக்கும் ஒன்று 2 ஆம் வகையாக இருக்கலாம். அதைக் கொண்டு மலையில் குதித்துவிட்டு வாரண்டி கேட்க முடியாது. இன்னொன்று, போட்டிக்கும் வாடகைக்கும் பாவித்தால் வாரண்டி இல்லை என்று பல கம்பனிகள் எழுதியிருக்கின்றன. சுற்றுலாப் பயணிகளுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடும் சகோதரர்கள் வாங்குவதற்கு முன்னர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

5. என்ன தருவார்கள்? பணம் திரும்பக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். திருத்துவதா, மாற்றித் தருவதா என்பதைக் கம்பனிதான் முடிவு செய்யும். அதே மாதிரி உற்பத்தியில் இல்லாவிட்டால் அதற்கு நிகரான வேறொன்றைத் தருவார்கள். நிறம் வேறாக இருக்கலாம். அது பரவாயில்லை. ஆனால் பழைய பிரேமின் பின்சில்லு அச்சு 135 அல்லது 142 மில்லிமீற்றராக இருந்து புதிய பிரேம் 148 மில்லிமீற்றராக வந்தால், பழைய சில்லு அதில் பொருந்தாது. புதிய சில்லு நமது செலவு. இலவசப் பிரேம் ஒன்று அரை இலட்சம் ரூபா செலவைக் கூட்டிக்கொண்டு வரலாம்.

6. கூலியும் கப்பல் செலவும் யாருடையது? பாகத்தை மட்டும் தந்துவிட்டு, பூட்டும் கூலியை நம்மிடம் விடும் நிபந்தனைகள் உண்டு. கொண்டுவரும் செலவு, சுங்கத் தீர்வை ஆகியவற்றைப் பற்றி மௌனமாக இருக்கும் அட்டைகளும் உண்டு. அட்டை எதைப் பற்றி மௌனமாக இருக்கிறதோ அதற்கான செலவு கடைசியில் வாங்கியவர் தலையில் வந்து விழும்.

7. நான் என்ன செய்து காட்ட வேண்டும்? பற்றுச்சீட்டு, பிரேமின் தொடர் இலக்கம், சில கம்பனிகளில் பதிவு, குறித்த காலத்தில் சேர்விஸ் செய்த ஆதாரம். தொடர் இலக்கம் பெரும்பாலும் மிதியடி அச்சுக்குக் கீழே அடித்திருக்கும். சேறு படிந்தால் தெரியாது. வாங்கிய அன்றே கைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது. ரொக்ஷொக்ஸ் ஃபோர்க்குகளுக்கு 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒரு தடவை கீழ்ப்பகுதிச் சேர்விஸ் செய்யச் சொல்கிறார்கள். ஃபொக்ஸ் நிறுவனம் 125 மணித்தியாலம் அல்லது ஒரு வருடம் என்கிறது. தினமும் ஒரு மணித்தியாலம் ஓடுபவருக்கு 50 மணித்தியாலம் இரண்டு மாதத்துக்குள் வந்துவிடும். இந்தச் சேர்விஸைச் செய்யத் தெரிந்தவர் அருகில் இருக்கிறாரா என்பதும் வாரண்டியின் ஒரு பகுதிதான்.

வாரண்டிக்கு என்ன விலை கொடுக்கலாம்?

வியாபாரி என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். என் முன்னால் இரண்டு தெரிவுகள் இருந்தன. முகவர் கடையில் ஒரு ஹார்ட் டெயில் 320,000 ரூபா. ஏறத்தாழ அதே தரத்தில், முகவர் அல்லாத கடையில் 270,000 ரூபா. வித்தியாசம் 50,000 ரூபா. இந்த 50,000 ரூபாவுக்கு நான் எதை வாங்குகிறேன்?

கணக்குக்காக மட்டும் சில இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். பிரேம் ஒன்றின் விலை 120,000 ரூபா. நூறு சைக்கிளில் ஐந்தின் பிரேம் உற்பத்திக் குறையால் வெடிக்கும் என்று வைப்போம். அப்படியானால் பிரேம் வாரண்டியின் பெறுமதி 120,000 ரூபாவில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 6,000 ரூபா. முதல் இரண்டு வருடத்தில் ஃபோர்க், பிரேக், கியர் ஆகியவற்றில் 40,000 ரூபா பெறுமதியான குறை நூற்றுக்கு இருபது சைக்கிளில் வரும் என்று வைத்தால் அதன் பெறுமதி 8,000 ரூபா. இரண்டும் சேர்ந்து 14,000 ரூபா.

இந்தக் கணக்கில் இரண்டு விடயங்கள் புரியும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் ஆயுட்காலப் பிரேம் வாரண்டியை விட, சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டு வருடப் பாக வாரண்டியின் பெறுமதி கூடுதலாக இருக்கலாம். அடுத்தது, மீதி 36,000 ரூபாவுக்கு முகவர் வேறு எதையாவது தந்தாக வேண்டும். சரியான அளவு பார்த்துத் தருவது, முறையாகப் பூட்டுவது, இலவச சேர்விஸ், உதிரிப்பாகம் கையிருப்பில் வைத்திருப்பது ஆகியவையே அவை. இவற்றைத் தராத முகவருக்கு மேலதிக விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

நமது நாட்டில் இன்னொன்றையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், ஓரிரு மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. அதே ஆண்டு எரிபொருள் வரிசைகளால் எல்லோரும் சைக்கிளைத் தேட, விலைகளும் ஏறின. "பாகத்தை மாற்றித் தருவேன்" என்று எழுத்தில் வாங்கியவருக்கு டொலர் ஏறினாலும் உரிமை குறையாது. "வாங்கிய விலையில் கழித்துத் தருவேன்" என்ற வாக்குறுதியை வைத்திருந்தவருக்கு, அந்தப் பணத்தில் அரைப் பாகம்கூடக் கிடைத்திருக்காது. ரூபாவில் கிடைக்கும் வாக்குறுதியும் சாமானாகக் கிடைக்கும் வாக்குறுதியும் ஒன்றல்ல என்பதை அந்த வருடம் நமக்குக் காட்டியது.

இந்தக் கணக்கை முகவர் முன்னால் வைத்தே பேசினேன். முடிவில் 305,000 ரூபாவுக்கு இணங்கினார். முதல் வருடத்தில் இரண்டு சேர்விஸ் இலவசம், வாரண்டிக் கோரிக்கை ஏற்கப்பட்டால் பூட்டும் கூலியும் கொண்டுவரும் செலவும் கடையினுடையது என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி முத்திரை வைத்துத் தந்தார். விலைக் குறைப்பை விட அந்த இரண்டு வரிகளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

விற்கும் பக்கத்திலிருந்து பார்ப்போம்

நம்மில் பலர் வாங்குபவர்களாக இருப்பதைவிட விற்பவர்களாகவே அதிகம் இருக்கிறோம். ஆகவே பின்வருவனவற்றைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவது, நமக்கு மேலே உள்ளவர் தராத வாரண்டியை நாம் கீழே கொடுத்தால் அது நமது சொந்தக் கடன். மொத்த வியாபாரியிடமும் இறக்குமதியாளரிடமும் எழுத்தில் வாங்காமல் வாடிக்கையாளருக்கு எழுத்தில் கொடுக்கக்கூடாது. கொடுப்பதாயின் அதற்குரிய செலவை அறிந்து கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, திகதி இடைவெளி. இறக்குமதியாளர் ஒரு வருட வாரண்டியை உங்களுக்குச் சாமான் அனுப்பிய திகதியிலிருந்து கணக்கிடுகிறார். சாமான் உங்கள் கடையில் எட்டு மாதம் இருந்து விற்பனையாகிறது. நீங்கள் விற்ற திகதியிலிருந்து ஒரு வருடம் கொடுக்கிறீர்கள். நான்கு மாதத்தில் மேலே உள்ள வாரண்டி முடிந்துவிடும். மீதி எட்டு மாதத்துக்கு நீங்கள் தனியாக நிற்கிறீர்கள். கொள்முதல் பேசும்போதே "விற்பனைத் திகதியிலிருந்து" என்று எழுதி வாங்குவது இதற்குப் பரிகாரம்.

மூன்றாவது, வாரண்டிக்கென ஒரு தொகை ஒதுக்குவது. வருடத்துக்கு நூறு சாமான் விற்று, நான்கு திரும்பி வந்து, ஒன்றுக்கு 2,500 ரூபா செலவானால் மொத்தம் 10,000 ரூபா. அதாவது ஒவ்வொரு சாமானிலும் 100 ரூபாவை விற்ற அன்றே தனியாக வைக்க வேண்டும். அதை இலாபம் என்று எண்ணிச் செலவழிப்பவருக்குத்தான் வாடிக்கையாளர் திரும்பி வரும்போது முகம் கறுக்கிறது.

நான்காவது, சட்டம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் அல்லது வியாபாரி வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தந்த உத்தரவாதத்துக்கு இணங்காத சாமான் பற்றிய முறைப்பாட்டை விசாரிக்கும் அதிகாரத்தை அதிகாரசபைக்குத் தருகிறது. விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும் என்றும் சொல்கிறது. வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. அதற்கும் முன்னர், 1896 ஆம் ஆண்டிலிருந்தே பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விற்கும் பொருளின் தரம் பற்றிச் சொல்லாமலே அடங்கும் நிபந்தனைகளை நமது நாட்டில் அங்கீகரித்து வந்திருக்கிறது. "நான் வாரண்டி எழுதிக் கொடுக்கவில்லை, ஆகவே எனக்குப் பொறுப்பில்லை" என்ற பேச்சு எல்லா இடத்திலும் எடுபடாது.

மார்க்கம் முன்னரே சொன்னது

வாரண்டி என்ற சொல் புதிது. அதன் அடிப்படை நமக்குப் புதிதல்ல. சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் பட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி கூற, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அந்த வியாபாரி மழையைப் பெய்விக்கவில்லை. நனைந்ததை அடியில் வைத்ததே அவர் மீதுள்ள குற்றம். நிபந்தனைகளைச் சிறிய எழுத்தில் வைத்துவிட்டு 'ஆயுட்காலம்' என்பதை மட்டும் உரத்துச் சொல்வது, நனைந்த தானியத்தை அடியில் வைப்பதற்கு எவ்வளவு தூரம் என்பதை நாம் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.

ஃபிக்ஹு நூல்களில் 'கியாருல் ஐப்' என்று ஒரு பாடமே இருக்கிறது. பொருள் வாங்குபவர் கைக்கு வருவதற்கு முன்னரே அதில் இருந்த குறை பின்னர் தெரிய வந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை அது. குறை தெரிந்தவுடன் தாமதியாது தெரிவிக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. "எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல" என்று விற்பவர் நிபந்தனை இட்டாலும், உயிர்ப்பிராணியில் அவர் அறியாதிருந்த மறைவான குறையைத் தவிர ஏனையவற்றில் அது அவரை விடுவிக்காது என்பதே அந்த மத்ஹபில் வலுவான கருத்து. கடைச் சுவரில் 'விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படமாட்டாது' என்று பலகை தொங்கவிட்டிருக்கும் சகோதரர்கள் இதைத் தமது பகுதி ஆலிமிடம் ஒரு தடவை கேட்டுத் தெளிவது நல்லது. மேலதிகப் பணம் வாங்கி விற்கும் 'நீடிக்கப்பட்ட வாரண்டி' பற்றியும் உலமாக்களின் ஆலோசனையைப் பெற்ற பின்னரே இறங்க வேண்டும்.

உங்கள் கடைக்கு ஒரு வாரண்டிச் சீட்டு

இதற்குப் பெரிய அச்சகமோ சட்டத்தரணியோ தேவையில்லை. ஒரு சிறிய சீட்டில் எட்டு வரிகள் இருந்தால் போதும்: சாமானின் பெயரும் தொடர் இலக்கமும்; விற்ற திகதி; எந்தப் பாகத்துக்கு எத்தனை மாதம்; எவற்றுக்கு வாரண்டி இல்லை; பொறுப்பு கடையினுடையதா, இறக்குமதியாளருடையதா, கம்பனியினுடையதா; திருத்துவதா, மாற்றுவதா, பணம் தருவதா; கூலியும் போக்குவரத்துச் செலவும் யாருடையது; எத்தனை நாளுக்குள் பதில் சொல்வோம். கீழே கடை முத்திரையும் வாங்குபவர் கையொப்பமும். ஒரு பிரதி அவருக்கு, ஒரு பிரதி உங்கள் கோவைக்கு.

இதை வாசித்துக் காட்டினால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று சிலர் பயப்படலாம். எனக்குச் சைக்கிள் விற்ற முகவர் 270,000 ரூபா கடையை விட 35,000 ரூபா கூட எடுத்தார். என்னை ஓட விடாமல் நிறுத்தியது அவர் எழுதிக் கொடுத்த அந்த இரண்டு வரிகள்தான். 'மூன்று மாதம்' என்று சொல்லி மூன்று மாதமும் முகம் சுளிக்காமல் நிற்கும் கடைக்கு, 'ஆயுட்காலம்' என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுக்காத கடையை விட வாடிக்கையாளர் கூடுவார்கள்.

அடுத்த கொள்முதலுக்குப் போகும்போது மேலே சொன்ன ஏழு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வாங்கும் இடத்தில் கேட்டுத் தெளிந்ததை விற்கும் இடத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். வல்ல அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கல்களில் பரகத் செய்வானாக.